முடிந்து வைத்த காசு

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறியதும் ரயில் நிதானமாகும். அதுவரை முறுக்குப் பொட்டலமும் செல்போன் சத்தமுமாக இருந்த பெட்டி மொத்தமும் ஜன்னல் பக்கம் சாயும். ஒரு அம்மா கண்ணை மூடிக் கும்பிடுவார். இன்னொருவர் கடலில் காசு வீசுவார். அது பாதி நேரம் கர்டரில் பட்டுத் தெறிக்கும். "பாலம் தாங்கும்ல?" என்று யாராவது கேட்டால் போதும், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அறுபத்து நாலாம் வருஷப் புயலை ஆரம்பித்துவிடுவார்.

அவர் கதையில் ரயில் பாலத்திலிருந்தே கடலில் விழும். நடந்தது அப்படியில்லை. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி, பாலத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும் இடத்தில், தரைமேல் போட்ட தண்டவாளத்தில்தான் அலையோடு போனது. வண்டியில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அதே புயலில் பாலத்தின் கர்டர்களும் பெரும்பாலும் அடித்துப்போயின. ரயில்வே எஞ்சினியர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்தது தனிக்கதை. இரண்டு சேதமும் கலந்து ஜனங்கள் மனதில் ஒரே படமாகப் பதிந்துவிட்டது.

படம் பதிந்த இடத்தில்தான் பயமும் குடியிருக்கிறது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் வண்டியை விட்டதில்லை. பாலம் பழுது என்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியவர்கள், 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி தீவுக்குள் விட்டார்கள். இத்தனை கண்கள் காவல் காக்கும் இரண்டு கிலோமீட்டர் ராமநாதபுரம் மாவட்டத்தில் வேறு கிடையாது. நெஞ்சு அடித்துக்கொள்வதும் அங்கேதான்.

இப்படிப் பயப்படுகிறவர்களுக்கு, உறவிலும் தெருவிலும், ஆன்லைனில் ரயில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் வேலை என் தலையில். பணம் கட்டுவதற்கு முன்னால் பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். 2016 செப்டம்பரில் தொடங்கியபோது ஆளுக்கு 92 காசு. நடுவில் கொஞ்ச காலம் இலவசம். இப்போது 45 காசு. ரயில் விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முழுக்க முடங்கினாலோ 10 லட்சம்; ஓரளவு ஊனத்துக்கு 7.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை.

இதைச் சொன்னதும் சித்தி முகம் சுளிப்பார். "கிளம்புற நேரத்துல நல்ல வார்த்தையாப் பேசுப்பா." எதிர்வீட்டு மாமாவுக்கு அபசகுனம் பற்றிய கவலை இல்லை. அவர் கணக்கே வேறு: "நாப்பத்தஞ்சு காசுக்கு எவன் பத்து லட்சம் குடுப்பான்?" விலை கூடுதலாக இருந்தால் வேண்டாம் என்பார், குறைவாக இருப்பதால் நம்பமாட்டேன் என்கிறார்.

அதே சித்தி ஊருக்குக் கிளம்புமுன் மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் முடிந்து குலதெய்வத்தின் படத்துக்குக் கீழே வைப்பார். அதில் அபசகுனம் எதுவும் இல்லை. ரொம்ப நாளாக இதை யோசித்திருக்கிறேன். வேண்டுதலில், நல்லபடியாக வீடு திரும்பினால்தான் காசு கையை விட்டுப் போகிறது. அப்போது மனசு நிறைந்திருக்கும். சந்தோஷமாக உண்டியலில் போடலாம். காப்பீட்டில், நல்லபடியாகத் திரும்பினால் கட்டின காசு வீண் என்று தோன்றுகிறது; பலன் கிடைக்க வேண்டுமென்றால் ஏதாவது ஆகியிருக்க வேண்டும். எந்த ஏஜென்ட் வந்து பேசினாலும் இந்த வரிசையை மாற்ற முடியாது. சித்திக்குப் புத்தி போதவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

இந்தப் பாதையில் யாத்திரிகர்களின் ஆபத்து ஒரு காலத்தில் அவர்கள் தலையில் இருந்ததும் இல்லை. 1605-ல் மதுரை நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தியதற்கு ஒரு காரணம், ராமேஸ்வரம் போகிறவர்களைக் கள்ளர் பயமில்லாமல் கொண்டுசேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டதுதான். வழியெல்லாம் சத்திரம் கட்டிச் சோறு போட்டார்கள். ராஜா பார்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் ராமநாதசாமி பார்த்துக்கொள்வார் என்று வந்து பழகிய வழி இது.

படிப்பும் பணமும் உள்ள ஊர்களில் மட்டும் வேறு மாதிரியா என்றால், இல்லை. எரிக் ஜான்சனும் ஹோவர்ட் குன்ராய்தரும் வேறு சிலரும் சேர்ந்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 1993-ல் வெளியானது. விமானத்தில் பயங்கரவாதத்தால் செத்தால் மட்டும் பணம் தரும் பாலிசிக்கு, எந்தக் காரணத்தால் செத்தாலும் பணம் தரும் பாலிசியை விட அதிகம் கொடுக்க, ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தயாராக இருந்தார்கள். இரண்டாவதுக்குள் முதலாவது அடக்கம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். ஆனால் 'எந்தக் காரணமும்' என்பதற்கு மனதில் படம் ஓடுவதில்லை, குண்டுக்கு ஓடுகிறது. நமக்குப் புயல், அவர்களுக்குக் குண்டு.

படமே ஓடாத ஆபத்து இங்கே சாலை. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு முதல்நாள் ராத்திரி பார்த்தால் தெரியும். சேலத்திலிருந்தோ ஓசூரிலிருந்தோ இருபது பேர் ஒரு வேனில் வந்திறங்குவார்கள். ஓட்டினவர் முந்தின ராத்திரியும் தூங்கியிருக்கமாட்டார். அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் கிணறு, அரிச்சல்முனை முடித்து மத்தியானமே திரும்ப வண்டி எடுப்பார். பாம்பன் சாலைப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கும்போது மட்டும் குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள்.

வண்டி வெள்ளை நம்பர் பிளேட்டாக இருந்தால் இன்னொரு சிக்கல். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று எடுப்பது. சொந்த உபயோகத்துக்கு என்று போட்ட பாலிசியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது நிபந்தனை மீறல். விபத்து என்று வந்தால் கம்பெனி கைவிரிக்க அது ஒன்று போதும். பிறகு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். மஞ்சள் போர்டா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகாது. ஏசி ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறுகிறார்கள்.

படம் ஓடாத இன்னொரு இடம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு, ஈரச் சேலை காலைச் சுற்ற, ஆயிரம் பேர் தண்ணீர் சொட்டிய கல் தளத்தில் வயதானவர்கள் வேகவேகமாக நடக்கிறார்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனால் 45 காசுக் காப்பீடு வராது. அது ரயிலில் இருக்கும்வரைதான். வருஷத்துக்கு 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீடும் சிகிச்சைச் செலவைத் தராது. அது சாவுக்கும் ஊனத்துக்கும் மட்டும், அதுவும் 70 வயது வரை. அங்கே விழுகிறவர்களில் பலர் அதைத் தாண்டியவர்கள். அந்தச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடுதான் வேண்டும்.

போன தடவை சித்திக்கு டிக்கெட் போட்டபோது கேட்காமலே டிக் அடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து அவர் போனுக்கு மெசேஜ் வந்தது: இந்த இணைப்பில் போய் நாமினி பெயரைப் பதியவும். பதியாவிட்டாலும் வாரிசுக்குப் பணம் உண்டு. ஆனால் அதற்கு வாரிசுச் சான்றிதழ், தாலுகா ஆபீஸ் என்று நடக்க வேண்டும். சித்தியின் மகன் அந்த மெசேஜைப் பார்த்ததும் அழித்துவிட்டான். தெரியாத லிங்க்கைத் தொட்டால் பேங்க்கில் இருக்கும் பணம் போய்விடும் என்று அவன் வாட்ஸ்அப்பில் தினம் பார்க்கிறான். "நல்லவேளை, நான் பார்த்தேன்" என்றான். சித்தி மஞ்சள் துணியைத் தேடிக்கொண்டிருந்தார். பதினோரு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று என்னிடம்தான் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டார்.