இசைக்குழுவுக்குப் பெடல் வாங்கிய கணக்கு

ஆசிரியர் தினத்தன்று எங்கள் மாணவர்கள் மின்கித்தார் வாசித்ததைக் கேள்விப்பட்டு, அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் என்னை அழைத்தார்கள். இருவரும் கேட்ட கேள்வி ஒன்றே: "காலடியில் வைத்து மிதிக்கும் அந்தப் பெட்டிகள் எவ்வளவு? எதை வாங்கினீர்கள்?" அவர்களுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக எழுதினால் மற்றவர்களுக்கும் உதவக்கூடும்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்கான கணக்கை இரண்டு நிமிடங்களில் வாசித்து முடித்துவிட்டேன். வரவுப் பகுதியில் என் பெயருக்கு எதிரே 125 ரிங்கிட் என்று இருந்தது. நன்கொடை என்று எண்ணிக்கொண்டார்களோ என்னவோ, யாரும் எதுவும் கேட்கவில்லை. அது நன்கொடை அன்று. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சுங்கை பினாங் ஆற்றையொட்டிய அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள்தாம் எங்கள் இசைக்குழுவில் பெரும்பாலோர். பாடத்திட்டத்தில் ரிக்கார்டர் குழலுக்கு இடமுண்டு, மின்கித்தாருக்கு இல்லை. எனவே புறப்பாட வேளையில்தான் இதை நடத்துகிறோம். முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளித்த இரண்டு மின்கித்தார்கள், 10 வாட் ஒலிபெருக்கி ஒன்று, தந்தி அறுந்தும் அறாமலும் கிடந்த மூன்று சாதாரணக் கித்தார்கள். இவையே எங்கள் சொத்து. மேற்கொண்டு தேவையானதை வாங்கப் பள்ளி உணவு விற்பனை நாளில் தாய்மார்கள் வடையும் காரிபாப்பும் நாசி லெமாக்கும் விற்று 685 ரிங்கிட் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பெடல் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மெல்லிசை மெட்டு ஒன்றை வாசிப்பாள். நீண்டு ஒலிக்க வேண்டிய சுரம், தந்தியை மீட்டிய கணத்தில் உரக்க எழுந்து உடனே தேய்ந்துவிடும். வீணையிலும் நாதஸ்வரத்திலும் கமகம் கேட்டு வளர்ந்த நம் செவிக்கு அந்தத் தேய்வு பெரிய குறை. சுரம் நின்றால்தானே அதை அசைக்க முடியும்? மாண்டலின் சீனிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு, ஐந்து தந்தி மின்மாண்டலினைக் கையாண்டதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். 2014-இல் மறைந்த அந்த மேதையின் கைத்திறம் வேறு. ஆயினும் மின்னொலியின் துணை இல்லாமல் அந்தக் கமகங்கள் அவ்வளவு தெளிவாக நம்மை எட்டியிரா. கம்ப்ரஸர் என்னும் பெடல் செய்வது இந்த உதவியைத்தான். மீட்டலின் முதல் அதிர்ச்சியை அடக்கி, தேயும் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும்.

மாணவர்கள் விரும்பியது கம்ப்ரஸரை அன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது 'கர்ர்' என்னும் உறுமல். அப்பாமார்களின் இளமைக் காலத்து செர்ச், விங்ஸ் குழுக்களின் பாடல்களைக் கேட்டு வந்த ஆசை அது. ஒலியலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் உச்சியை வெட்டித் தட்டையாக்கினால் அந்த உறுமல் பிறக்கிறது. ஆனால் தொடக்க நிலை மாணவருக்கு அது பொல்லாத ஆசான். விரல் சரியாக அழுத்தாத தந்தி, கை தவறித் தொட்ட தந்தி எல்லாம் சேர்ந்து உறுமும்.

பி. ரம்லி பிறந்த வீடு எங்கள் வட்டாரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது ஒருவன், "இவருக்குப் பெடல் இருந்திச்சா ஐயா?" என்று கேட்டான். அவர் பிறந்தது 1929-இல். கித்தார் ஒலியைச் சிதைக்கவென்றே மேஸ்ட்ரோ நிறுவனம் ஃபஸ்-டோன் என்ற மிதிபெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1962-இல்தான். அதைச் சொன்னேன். "அப்படின்னா இல்லாமலேதான் வாசிச்சாரு" என்று அவன் தன் நண்பனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதாவது நான் நிதானித்திருக்கலாம்.

நிதானிக்கவில்லை. கடைக்குச் சென்று மூன்று சிறிய பெடல்கள் வாங்கினேன். ஓவர்டிரைவ் 95 ரிங்கிட், கம்ப்ரஸர் 110, எதிரொலி தரும் டிலே 125. இணைக்கும் குட்டைக் கேபிள்களுக்கு 24. ஆக 354 ரிங்கிட். தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய, பளபளக்கும் உலோகப் பெட்டிகள். மலிவாகவும் அழகாகவும் இருந்தன. பள்ளிக்கு வந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்த பிறகே தெரிந்தது, எதிலும் மின்மாற்றி இல்லை. சரி, 9 வோல்ட் மின்கலம் போட்டு ஓட்டலாம் என்று அடிமூடியைத் திருப்பினால் மின்கலம் வைக்க இடமே இல்லை. அவ்வளவு சிறிய பெட்டிக்குள் அது எப்படி நுழையும்! பெடல் வாங்கப் புறப்படும் ஆசிரியர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். குறுவடிவப் பெடல்களின் விலைச்சீட்டில் மின்சாரத்தின் விலை சேராது.

ஆசிரியர் தினத்திற்கு ஒரு வாரமே இருந்தது. பிள்ளைகள் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். இசையறை அலமாரியில் விசைப்பலகையின் மின்மாற்றி கிடந்தது. முனை பொருந்துகிறதா என்று பார்த்தேன், பொருந்தியது. பொருந்தினால் போதும் என்று நினைத்தேன். எதிரொலிப் பெடலில் செருகிச் சுவிட்சைப் போட்டேன். விளக்கு ஒரு கணம் மின்னியது. பிறகு வெந்த வாடை.

"ஐயா, செத்துப் போச்சா?"

ஐந்தாம் ஆண்டு மாணவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மின்மாற்றியின் முதுகைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த சிறு எழுத்துகளை அப்போதுதான் படித்தேன். 12 வோல்ட். அதைவிட மோசம், அதன் முனையின் நடுப்பகுதி நேர்மின்னாக இருந்தது. கித்தார் பெடல்கள் மிகப் பெரும்பாலும் 9 வோல்ட்டில், முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை. வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட சின்னப் படம் ஒன்று பெடலிலும் இருக்கும், மின்மாற்றியிலும் இருக்கும். இரண்டு படங்களும் ஒத்திருக்க வேண்டும். தலைகீழாகச் செருகினாலும் தாங்கும் பாதுகாப்பு சில பெடல்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. மின்சுற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியன் நான். நேர்மின், எதிர்மின் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

விற்பனை நாளில் வடை ஒன்று 50 சென். 125 ரிங்கிட் என்றால் 250 வடை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து உளுந்து அரைத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்களுள் ஒருவர் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனின் அம்மா. அன்றிரவே 125 ரிங்கிட்டைத் தனி உறையில் போட்டுவைத்தேன். கணக்கில் என் பெயருக்கு எதிரே இருந்த தொகை அதுதான்.

மிச்சமிருந்த 331 ரிங்கிட்டோடு அதைச் சேர்த்தால் 456. இம்முறை கடைக்கு ஓடவில்லை. ஒரு தாளை எடுத்து, பெடல் யார் கால்பட இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு கித்தார், பதினோரு பிள்ளைகள். வாரத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி. ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் வரும். உலகத்தின் மிகச் சிறந்த பெடலை வாங்கி இசையறையில் பூட்டி வைத்தாலும் அந்தப் பத்து நிமிடம் பதினொன்றாகாது. வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றுதான் வேண்டும். அடுக்குமாடியின் மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டாரை எழுப்பாத ஒன்று.

நல்ல மின்மாற்றி ஒன்றும், ஒரே மின்மாற்றியிலிருந்து பல பெடல்களுக்குக் கிளை பிரியும் கம்பியும் 42 ரிங்கிட். பிறகு இளைஞர் ஒருவர் பயன்படுத்தி வைத்திருந்த பல்விளைவுப் பெடல், ஸூம் ஜி1 ஃபோர், 300 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. ஒரே பெட்டிக்குள் பல பெடல்களின் ஒலிகளை மின்னணு முறையில் உருவாக்கித் தரும் கருவி இது. ஒரே நேரத்தில் ஐந்து விளைவுகள் வரை அடுக்கலாம். சுருதி காட்டியும் தாளமும் உள்ளேயே இருக்கின்றன. நான்கு ஏ.ஏ. மின்கலங்களிலும் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காதொலிப்பானைச் செருகிக்கொண்டு ஒலிபெருக்கியே இல்லாமல் வாசிக்கலாம்.

பழைய பொருளுக்கு ரசீது எங்கே என்று சங்கச் செயலாளர் கேட்டார். கேட்டது சரியே. அந்த இளைஞர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட தாள் கோப்பில் இருக்கிறது. பழையது வாங்குவோர் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். கேபிள் செருகும் துளையில் கேபிளை ஆட்டினால் ஒலி விட்டுவிட்டு வரக்கூடாது. திருகுகளைச் சுழற்றினால் 'கரகர' என்னக்கூடாது. மின்கல அறையில் பச்சைப் பூச்சு இருக்கக்கூடாது. நம் தீவின் கடற்காற்றும் கசிந்த மின்கலமும் சேர்ந்தால் உலோகம் என்ன பாடுபடும் என்பதை நம் சமையலறைத் தகர டப்பாக்களே சொல்லும்.

தனித்தனிப் பெடல்களே ஒலியில் சிறந்தவை என்று வாதிடுவோர் உண்டு. மேடைக் கலைஞருக்கு அது பொருந்தும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது சுருதி காட்டி. சூடான வகுப்பறையில் தந்தி தளர்ந்துகொண்டே இருக்கும். சுருதி சேராத கித்தாருக்கு எந்த உறுமலும் எந்த எதிரொலியும் துணை நிற்காது. சொல்லப்போனால், அந்தப் பெட்டியில் எங்கள் பிள்ளைகள் மிக அதிகமாகப் பயன்படுத்துவது அதைத்தான். அடுத்தபடியாக ரிவர்ப் என்னும் விளைவு. கோயில் கல்மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் மாணவனின் தந்தை ஒருவர் தம் இளமைக் கால நினைவாக வைத்திருந்த ஆரஞ்சு நிறப் பெடலைக் கொண்டுவந்து கொடுத்தார். பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1. 1978-இல் அறிமுகமாகி இன்றும் விற்பனையில் இருக்கும் உறுமல் பெடல். எங்கள் 9 வோல்ட் மின்மாற்றியில் செருகினால் அதன் விளக்கு மங்கலாகவே எரிந்தது. இதையும் கெடுத்துவிட்டேனோ என்று நெஞ்சு பதறியது. பின்னர்தான் விளங்கிற்று: அடியில் ஏ.சி.ஏ. என்று குறிக்கப்பட்ட பழைய பெடல்கள் அதிக வோல்ட் தரும் பழைய வகை மின்மாற்றியை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. வந்த மின்னழுத்தத்தை உள்ளேயே குறைத்துக்கொள்ளும். கிளைக்கம்பியில் மற்றப் பெடல்களோடு சேர்த்துச் செருகியதும் விளக்கு நன்றாக எரிந்தது. 9 வோல்ட் மின்கலத்திலும் தடையின்றி ஓடுகிறது. ஆனால் கேபிளை உள்ளீட்டுத் துளையில் செருகிய கணமே மின்கலம் செலவாகத் தொடங்கும். பெடலை மிதித்து அணைத்தாலும் நிற்காது. பயிற்சி முடிந்ததும் கேபிளைப் பிடுங்கு என்று அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இருந்தும் இரண்டு முறை திங்கட்கிழமை காலையில் இறந்த மின்கலத்தைத்தான் கண்டோம்.

மின்னணுப் பெட்டியையும் பழைய வகைப் பெடல்களையும் ஒரே கிளைக்கம்பியில் மாட்டினால் ஒலிபெருக்கியில் கொசு ரீங்கரிப்பது போன்ற இரைச்சல் வந்தது. பல்விளைவுப் பெடலை மட்டும் ஏ.ஏ. மின்கலத்தில் ஓட்டினோம், கொசு போயிற்று. மறுமின்னேற்ற மின்கலம் நான்கும் மின்னேற்றியும் 60 ரிங்கிட். காதொலிப்பான் 38.

காதொலிப்பான் குறித்துப் பெற்றோர் கவனிக்க ஒரு சொல். சிறுவர்களுக்கு 75 டெசிபெல், அதுவும் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான எல்லை. டெசிபெலை வீட்டில் எப்படி அளப்பது? ஒலித்திருகில் ஓரிடத்தில் நகச்சாயத்தால் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை காதொலிப்பான் அணிந்திருக்கும்போது நீங்கள் இயல்பான குரலில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் தினத்தன்று அந்த ஆறாம் ஆண்டு மாணவி கம்ப்ரஸரோடு வாசித்தாள். சுரம் நின்றது. நடுவில் ஒரு முறை விரலை அசைத்துச் சிறு கமகமும் பிடித்தாள். நான் சொல்லித் தந்தது அன்று. கடைசிப் பாட்டின் முடிவில் ஆரஞ்சுப் பெடலை மிதிக்க ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு அனுமதி கொடுத்திருந்தேன். எட்டே விநாடிகள். தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இப்போது வெள்ளிதோறும் ஒரு பிள்ளை கித்தாரையும் பல்விளைவுப் பெடலையும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறது. திங்களன்று திருப்பித் தருகிறது. குறிப்பேட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சென்ற வாரம் கையெழுத்துக்குக் கீழே ஓர் அம்மா, "இரவு பத்து மணி வரை வாசித்தான் சார், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அடுத்த முறை அவருக்காக ஒலிபெருக்கியையும் கொடுத்தனுப்ப வேண்டும்.

கருகிய பெடலின் மூடியைக் கழற்றி, அறிவியல் அறையில் மின்சுற்றுப் பாடத்திற்கு வைத்திருக்கிறேன். எப்படிக் கருகியது என்று மாணவர்கள் கேட்டால் சொல்லிவிடுகிறேன். மீதம் 16 ரிங்கிட் சங்கப் பொருளாளரிடம் இருக்கிறது.