ரப்பர் பலூனும் கிரகாம் விதியும்

ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர் பலூன் ஒன்று. கரியமில வாயு நிரப்பிய ரப்பர் பலூன் ஒன்று. எது முதலில் சுருங்கும்? மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும்படி என்னிடம் வந்த வேதியியல் வினாத்தொகுப்பில் கண்ட கேள்வி இது. ஹைட்ரஜன் என்றது விடைக்குறிப்பு. மோலார் நிறைகள் 2, 44, விகிதம் 22, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.7, ஆகவே ஹைட்ரஜன் 4.7 மடங்கு விரைந்து 'கசியும்'. கணக்கில் பிழையில்லை. பலூன்தான் அதற்கு உடன்படுவதில்லை.

வாயுவின் விரவல் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்ற விதியைத் தாமஸ் கிரகாம் 1833-இல் வெளியிட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது பாரிஸ் சாந்தாலான அடைப்பு, நுண்துளைகள் நிறைந்தது. பின்னர் 1846-இல், மெல்லிய தகட்டில் இட்ட நுண்துளை வழியே வெற்றிடத்திற்குள் வாயு பாய்வதை ஆராய்ந்தார். விதி மிகத் துல்லியமாகப் பொருந்துவது இந்த இரண்டாவது நிகழ்வுக்கே. துளை போதிய அளவு சிறிதாயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனியே வெளியேறும்; அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது நிறை மட்டுமே.

ரப்பரில் அத்தகைய துளை இல்லை. நான் ஆய்வின் பொருட்டுத் தங்கியிருக்கும் வித்துராவைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள்தாம். பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் தகடாக்கி, புகையில் உலர்த்துகிறார்கள். அந்தத் தகடு மண்பானையின் சுவரைப் போன்றதன்று. நீண்ட சங்கிலிகள் பின்னிக் கிடந்து ஓயாது நெளியும் பொருள் அது. வாயு அதனுள் முதலில் கரைய வேண்டும். பிறகு சங்கிலிகளின் இடையே நகர்ந்து மறுபுறம் வெளிப்பட வேண்டும். கரியமில வாயு ரப்பரில் நன்கு கரையும். ஹைட்ரஜன் அவ்வாறு கரையாது.

பிலடெல்பியா மருத்துவர் ஜான் கியர்ஸ்லி மிட்செல் 1831-லேயே, கரியமில வாயு ரப்பர்ச் சவ்வை ஹைட்ரஜனைவிட விரைந்து கடப்பதைக் கண்டார். அதற்குக் காரணம் கரைதலே என்று 1866-இல் விளக்கியவர் யார் தெரியுமா? அதே கிரகாம்! நைட்ரஜனின் வேகத்தை 1 எனக் கொண்டு அவர் தந்த அளவுகள்: ஆக்சிஜன் 2.556, ஹைட்ரஜன் 5.5, கரியமில வாயு 13.585. வர்க்கமூல விதிப்படி கரியமில வாயுவுக்கு 0.8 மட்டுமே வந்திருக்க வேண்டும். தம் பெயரால் வழங்கும் விதி எங்கே நின்றுவிடுகிறது என்பதை அவரே அளந்து எழுதிவிட்டார். நம் விடைக்குறிப்புகளுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

மொழியியல் படித்தவள் என்பதால் என் கண் 'கசியும்' என்ற சொல்லிலேயே நின்றது. கசிவு என்றதும் நம் மனம் ஒரு துளையைக் கற்பித்துக்கொள்கிறது. துளை வந்துவிட்டால் வர்க்கமூலமும் தானே வந்துவிடும். 'விரவல்' ஒன்றோடொன்று கலப்பதைக் குறிக்கும் நல்ல சொல். அதனையும் இங்கே இழுத்துவர வேண்டியதில்லை. சவ்வில் கரைந்து கடப்பதற்கு 'ஊடுருவல்' என்பதைத் தனித்து ஒதுக்கலாம் என்பது என் கருத்து. ஆங்கில மூலத்திலேயே பிழை இருக்கும்போது சொல்லை மட்டும் மாற்றி என்ன பயன் என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையாகவே இரு பலூன்களை ஊதிக் கட்டிவைத்து, கண்டதைக் கண்டபடி எழுதும் மாணவிக்கு இந்த வினாவில் மதிப்பெண் கிடைக்காது.

'ரப்பர் பலூன்' என்பதை அடித்துவிட்டு 'நுண்துளையிட்ட உலோகக் கலன்' என எழுதி, காரணத்தையும் ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறேன். வேதியியல் கற்பிக்கும் நண்பர்கள் தங்கள் வகுப்பில் இம்மூன்றுக்கும் எச்சொற்களை வழங்குகிறார்கள் எனத் தெரிவித்தால் என் சொற்றொகுப்புக்கு உதவும்.