உஜி: கதையைத் தேடி வருபவர்களின் ஊர்

படகுத்துறையில் ஏகக் கூட்டம். ஓடக்காரர்களோ கழியில் சாய்ந்து பாடிக்கொண்டு, கரையில் நிற்பவர்களைச் சட்டை செய்யாமல் இருந்தார்கள். கியோட்டோவிலிருந்து தெற்கே ஹாசே கோயிலுக்கு யாத்திரை புறப்பட்ட ஒரு பெண்மணி, உஜி ஆற்றங்கரையில் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வருடம் 1046. காத்திருந்த நேரத்தில் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். 'கெஞ்சியின் கதை' நாவலில் வரும் இளவரசரின் பெண்களை முரசாக்கி ஷிகிபு இந்த ஊரில்தானே குடிவைத்தார், அப்படி என்ன இருக்கிறது இங்கே என்று அவருக்கு நெடுநாளாக ஓர் ஆவல். இடம் அழகாகத்தான் இருக்கிறது என்று திருப்தியடைந்தார்.

இந்தப் பெண்மணியின் பெயர் யாருக்கும் தெரியாது. சுகவாரா நோ தகாசுவே என்ற அதிகாரியின் மகள் என்ற அளவில்தான் ஜப்பானிய இலக்கிய வரலாறு அவரை அறியும். அவர் எழுதிய 'சராஷினா நாட்குறிப்பு' மட்டும் நிலைத்துவிட்டது. கிழக்கே ஒரு மாகாணத்தில் வளர்ந்த சிறுமிக்கு அக்காவும் சிற்றன்னையும் கெஞ்சியின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார்கள். முழுக்கதை அவர்களுக்கே நினைவில்லை. மீதியைப் படிக்க வேண்டும், சீக்கிரம் தலைநகருக்கு அனுப்பிவை என்று தன் உயரத்துக்குப் புத்தர் சிலை செய்யவைத்து வேண்டிக்கொண்டாள் சிறுமி. பிறகு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஐம்பது சொச்சம் அத்தியாயங்களையும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். பகல் முழுக்கவும், இரவில் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டும் படித்துத் தீர்த்தாள். விட்டுப்போன எபிசோடுகளை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் இன்றைய அனிமே ரசிகருக்கு இவரைவிட மூத்த முன்னோடி கிடைப்பது கஷ்டம்.

ஆயிரம் வருடம் ஆகப்போகிறது. உஜிக்கு இன்னமும் அதே பிழைப்புதான்.

கியோட்டோ ஸ்டேஷனில் ஜே.ஆர். ரயில் ஏறினால் அரைமணிக்குள் வந்துவிடும் ஊர். சுமார் 1.8 லட்சம் ஜனத்தொகை. பச்சைத் தேயிலைக்குப் பேர்போனது. 1053-ல் கட்டி முடித்த பியோதோயின் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. அதைப் பார்க்காத ஜப்பானியர் கிடையாது. பத்து யென் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். உஜிப் பாலத்தின் கிழக்கு முனையில் 1160 முதல் நடந்துவருவதாகச் சொல்லும் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. கெஞ்சியின் கதையில் கடைசிப் பத்து அத்தியாயங்கள் இந்த ஊரில் நடப்பதால் அதற்கென ஒரு மியூசியமும், பாலத்தருகே ஆசிரியைக்கு ஒரு சிலையும் உண்டு.

ஆனால் கோயிலைப் பார்த்தும் பார்க்காமலும் நேராக ஆற்றோரப் பாதைக்கு நடக்கும் இளைஞர் கூட்டம் ஒன்றும் இங்கே வருகிறது. அவர்கள் தேடுவது ஒரு சாதாரண பெஞ்ச். உட்கார்ந்தால் எதிரே ஆறு ஓடும், அவ்வளவுதான். அந்த பெஞ்சில் முறைபோட்டு உட்காருகிறார்கள். கையில் கைபேசி, அதில் அதே பெஞ்ச், அதே ஆறு, வரையப்பட்ட வடிவில். படத்தையும் இடத்தையும் ஒத்துப்பார்த்து, இரண்டடி பின்னே நகர்ந்து, குனிந்து, கோணம் சரியாக அமைந்ததும் ஒரு கிளிக்.

எல்லாம் 'ஹிபிகே! யூஃபோனியம்' படுத்தும் பாடு. அயானோ தகேதா எழுதி 2013-ல் வெளிவந்த நாவல், 2015 ஏப்ரலில் அனிமே தொடராயிற்று. கதை என்று பார்த்தால் பூதமில்லை, வாள்வீச்சில்லை. கிதாஉஜி என்ற கற்பனைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு தேசியப் போட்டிக்குப் போகப் பாடுபடுகிறது. குமிகோ என்ற பெண் யூஃபோனியம் வாசிக்கிறாள். ட்ரம்பெட்டைப்போல முன்னால் நின்று முழங்காமல், கனத்த குரலில் மற்ற வாத்தியங்களைத் தாங்கி நிற்கும் பித்தளைக் குழல் அது. பள்ளி விட்டு வரும் வழியில் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கிறாள். ரயிலில் தோழியோடு பேசியும் பேசாமலும் போகிறாள். தனி வாசிப்பு யாருக்கு என்ற போட்டியில் மனஸ்தாபம் வருகிறது. மூன்று பருவங்களில் 39 எபிசோடுகள், நடுவில் சில திரைப்படங்கள். 2024 ஜூனில் மூன்றாவது பருவம் முடிந்தபோது குமிகோ பள்ளிப்படிப்பை முடித்திருந்தாள். அவளோடு பார்க்கத் தொடங்கிய ரசிகர்கள் அதற்குள் வேலைக்குப் போய், கல்யாணமாகி, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

இதை 'புண்ணியத் தல யாத்திரை' என்றே ஜப்பானியர் சொல்கிறார்கள். கேலியாகத் தொடங்கிய சொல். இப்போது சுற்றுலாத்துறைக்காரர்கள் முகத்தில் சிரிப்பில்லாமல் பயன்படுத்துகிறார்கள். டோக்கியோவுக்கு வடக்கே வாஷினோமியா என்ற சிற்றூர், 2007-ல் வந்த 'லக்கி ஸ்டார்' தொடரால் திணறியது. அங்குள்ள பழைய ஆலயத்துக்கு 2008 புத்தாண்டில் சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள். முந்தைய வருடத்தைப்போல இருமடங்குக்கும் மேல். வாடிக்கொண்டிருந்த கடைவீதிக்கு அது யோகம். காமகுராவில் கதை வேறு. 1993-ல் தொடங்கிய 'ஸ்லாம் டங்க்' தொடரின் தொடக்கப் பாடலில் வரும் ரயில்வே கேட்டைப் படமெடுக்க நடுரோட்டில் நிற்கும் வெளிநாட்டுக் கூட்டத்தால் அங்கே குடியிருப்பவர்கள் நொந்து போயிருக்கிறார்கள்.

உஜி இந்த இரண்டுக்கும் நடுவில் நிதானமாக நிற்கிறது. கடைகளில் பாத்திரங்களின் கட்-அவுட்டுகள் (நம்மூர் அளவுக்கு இல்லை, ஆளுயரம்தான்). கெய்ஹான் ரயில்வே அவ்வப்போது இந்தப் பெண்களின் படங்களை ஒட்டிய ரயில்களை விடுகிறது. இதுபோன்ற ஊர்களில் கடையிலோ மண்டபத்திலோ வருகிறவர்கள் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கும் வழக்கம் உண்டு. புரட்டிப் பார்த்தால் இந்த யாத்திரையின் குணம் விளங்கும். எந்தப் பாத்திரம் பிடிக்கும் என்பது முதல் வரியில் முடிந்துவிடும். மீதி எல்லாம் சொந்தக் கதை: பரீட்சை, புது வேலை, விட்டுப்போன வாத்தியம். ஆங்கிலத்திலும் சீனத்திலும் கொரிய மொழியிலும்கூட எழுதுகிறார்கள். அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் தொடர், பார்ப்பவரையும் தன் அன்றாடத்தைச் சொல்ல வைத்துவிடுகிறது.

நமக்கும் இது அந்நியமில்லை. டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்று வயது இருபது, முப்பது. 2025 செப்டம்பரில் வந்த 'டீமன் ஸ்லேயர்' படம் இந்தியத் தியேட்டர்களில் தமிழிலும் ஓடியது. ஜப்பானில் ஒளிபரப்பாகிச் சில மணிக்குள் சப்-டைட்டிலோடு எபிசோடு கைபேசிக்கு வந்துவிடும் காலம். கௌஹாத்தியில் இருப்பவரும் கோவையில் இருப்பவரும் ஒரே இரவில் பார்த்து, ஒரே இரவில் அழுது, மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு ஆபீஸ் போகிறார்கள்.

பெஞ்சுக்கு அடுத்தது மலை. மலை என்றால் கோபித்துக்கொள்ளக்கூடாது. உயரம் நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். தாய்கிச்சியாமா என்று பெயர். உஜிகாமி ஆலயத்தைத் தாண்டினால் வளைந்து வளைந்து ஏறும் மண்பாதை. கால் மணி நேரத்தில் உச்சி மண்டபம். முதல் பருவத்தின் எட்டாவது எபிசோடில், ஊரே அகாதா திருவிழாவுக்குத் திரண்டிருக்கும் ஜூன் 5 இரவில், குமிகோவும் ரெய்னாவும் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு இங்கே ஏறுகிறார்கள். கீழே ஊர் விளக்குகள். இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மண்டபத்திலிருந்து பார்த்தால் ஆறும் பாலமும் பியோதோயினின் கூரையும் தெரிகின்றன. அப்படியே வரைந்திருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. வரைந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். தினமும் இதே ரயிலில் வேலைக்குப் போனவர்கள்.

கியோட்டோ அனிமேஷன் என்ற அந்த நிறுவனம் 1981-ல் உஜியில் தொடங்கியது. அனிமே ஸ்டுடியோக்கள் அநேகமாக எல்லாமே டோக்கியோவில் குவிந்திருக்கும் தொழில் அது. அங்கே ஒரு ஸ்டுடியோவில் செல்லுலாய்டு தாள்களுக்கு வண்ணம் தீட்டிப் பழகிய யோகோ ஹத்தா, கல்யாணமாகி இங்கே குடிவந்தபின் அக்கம்பக்கத்து இல்லத்தரசிகளைச் சேர்த்துக்கொண்டு அதே வேலையை எடுத்துச் செய்யத் தொடங்கினார். வளர்ந்து, 2000-களில் தாங்களே தொடர்களைத் தயாரிக்கும் நிலைக்கு வந்தார்கள். 'ஹருஹி சுசுமியா', 'கே-ஆன்!', 'எ சைலன்ட் வாய்ஸ்' எல்லாம் இங்கிருந்து போனவைதான். வரைந்த தாளுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பது அந்தத் தொழிலின் சாபக்கேடு. இவர்கள் மாதச் சம்பளம் கொடுத்தார்கள், பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். பெண்கள் நிறைய. வாத்தியத்தின் சாவியை அழுத்தும் விரலை, ஈரம் காயாத தலைமுடியை, ஜன்னல் வெளிச்சத்தில் மிதக்கும் தூசியை அவ்வளவு பொறுமையாக வரைவதற்கு, அடுத்த மாத வாடகை பற்றிய கவலை இல்லாதிருப்பதும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

2019 ஜூலை 18, காலை பத்தரை மணி. நிறுவனத்தின் முதலாவது ஸ்டுடியோவுக்குள் ஒருவன் பெட்ரோலைக் கொட்டித் தீ வைத்தான். உள்ளே 70 பேர் இருந்தார்கள். 36 பேர் இறந்தார்கள். தன் நாவலைத் திருடிவிட்டார்கள் என்று அவன் தானாகவே நம்பிக்கொண்டிருந்தான். 2024 ஜனவரியில் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் அவனுக்கு மரணதண்டனை விதித்தது. இறந்தவர்களில் ஒருவர் யசுஹிரோ தகேமோத்தோ. வாஷினோமியாவுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்த 'லக்கி ஸ்டா'ரின் இயக்குநர். இன்னொருவர் ஷோகோ இகேதா; குமிகோவுக்கும் ரெய்னாவுக்கும் முகம் கொடுத்தவர்.

செய்தி பரவியபோது உலகெங்கும் ரசிகர்கள் செய்தது விசித்திரமான ஒரு காரியம். நிறுவனத்தின் இணையக் கடையில் புகுந்து, டிஜிட்டல் படங்களாக வாங்கித் தள்ளினார்கள். ஏன் டிஜிட்டல்? பொம்மையோ சட்டையோ வாங்கினால், துக்கத்தில் இருக்கும் ஊழியர்கள் அதைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும். படம் என்றால் யாருக்கும் வேலையில்லை. பணம் மட்டும் போய்ச் சேரும். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் திரட்டிய நிதி 20 லட்சம் டாலரைத் தாண்டியது. மொத்தமாக வந்துசேர்ந்த நன்கொடை 330 கோடி யென்னுக்கு மேல்.

பணம் சுலபம். பெயர்கள்தான் கஷ்டமாயின. இறந்தவர்களின் பெயர்களை வெளியிட வேண்டாம் என்று பல குடும்பங்கள் கேட்டுக்கொண்டன. போலீஸ் ஆகஸ்ட் 2-ல் பத்துப் பெயர்களையும், ஆகஸ்ட் 27-ல்தான் மேலும் 25 பெயர்களையும் வெளியிட்டது. பத்திரிகைகள் அவற்றை அச்சிட்டது சரியா என்று நாடு முழுக்க விவாதம். ரசிகர்களிலேயே பலர் குடும்பங்களின் பக்கம் நின்றார்கள். செப்டம்பர் 6-ல் வெளியான 'வயலட் எவர்கார்டன்' கிளைப்படத்தின் முடிவில், வழக்கத்தை மீறி, வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள் பெயர்களையும் சேர்த்து ஓடவிட்டார்கள். தியேட்டரில் அந்தப் பெயர்கள் முழுவதும் ஓடி முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது ரசிகர்களுக்குத் தெரிந்த அஞ்சலி. 2024-ல் வந்த 'யூஃபோனியம்' மூன்றாவது பருவத்திலும் பாத்திர வடிவமைப்பில் இகேதாவின் பெயர் இருந்தது.

எரிந்த கட்டடம் 2020 ஏப்ரலில் முழுவதுமாக இடிக்கப்பட்டது. அங்கே நினைவுச்சின்னம் எழுப்பி எல்லோரும் வந்துபோகும்படி செய்ய வேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் சங்கம் கேட்டுக்கொண்டது. கல்நெஞ்சம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது குடித்தனங்கள் நெருங்கிய குறுகலான தெரு. தீயையும் அலறலையும் நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அன்று காயம்பட்டு ஓடிவந்தவர்கள் மீது தண்ணீர் ஊற்றிப் போர்வை கொடுத்தவர்களும் அவர்கள்தான். நிறுவனமும், நினைவு நாளில் இடத்துக்கு வர வேண்டாம், இணையத்தில் வெளியிடும் அஞ்சலி வீடியோவைப் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டது. ஒவ்வொரு பெஞ்சையும் படிக்கட்டையும் தேடிக் கண்டுபிடிக்கிற கூட்டம் இது. ஒரே ஒரு முகவரியை மட்டும் தேடாதே என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேடுவதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு இடம் கிடைத்திருக்கிறது. கெய்ஹான் உஜி ஸ்டேஷனுக்கு அருகே தேயிலை வரலாற்றுப் பூங்கா 2021-ல் திறந்தது. அங்கே 2024 ஜூலை 14-ல் ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். எழுந்து பறக்கும் 36 பறவைகள். பக்கத்திலேயே தேயிலைத் தோட்டம், கடை, குழந்தைகளோடு வரும் குடும்பங்கள். பூ வைத்துவிட்டு, ஒருவர் கும்பிட்டு முடிக்கும்வரை அடுத்தவர் தள்ளி நிற்கிறார்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வரும்போது ஜே.ஆரில் வந்தாலும் திரும்பும்போது கெய்ஹான் லைனைப் பிடியுங்கள். மெதுவான வண்டி, குமிகோ போவதும் இதில்தான். மிமுரோடோவில் மழைக்காலத்து ஹைட்ராஞ்சியா பூக்கள். ஒபாக்குவில், சீனத் துறவி இன்கென் 1661-ல் நிறுவிய மான்புகுஜி மடம். அடுத்த ஸ்டேஷனை கெய்ஹான்காரர்கள் கொவாத்தா என்கிறார்கள்; அதே எழுத்துக்களை ஜே.ஆர்.காரர்கள் கொஹாத்தா என்று படிக்கிறார்கள். கியோட்டோ அனிமேஷனின் தலைமையகம் இதன் அருகில்தான். அதற்கடுத்தது ரொக்குஜிசோ. கதையில் பள்ளி மாணவிகள் ஏறி இறங்கும் ஸ்டேஷன் இது. முதலாவது ஸ்டுடியோ இருந்ததும் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான். வண்டி இங்கே அரை நிமிடம் நிற்கும். சீருடை போட்ட பிள்ளைகள், காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள். முதுகில் பையும் கழுத்தில் கேமராவும் மாட்டிய ரசிகர் அநேகமாக இறங்கமாட்டார். கதவு மூடிக்கொள்ளும்.