காற்றுப் போன சில்லின் உயரம்

வெள்ளி, யாழ்ப்பாணம்

மன்னார்ப் பயணத்துக்கு முன் ஒரு ஜக் வாங்க வேண்டும். மொறிஸ் மைனர் காரோடு வந்த பழைய ஜக்கின் திருகு மரை தேய்ந்துவிட்டது. கடைக்காரர் தொன் கணக்குச் சொல்கிறார். காரின் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர் உயரக் கணக்குக் கேட்கிறார்.

மைனரின் எடை 800 கிலோவுக்குள்தான். 2 தொன் ஜக் எதுவும் அதைத் தூக்கும். ஆனால் சில்லு காற்றுப் போனதும் கார் தாழ்ந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஜக் நுழைய வேண்டும். போத்தல் ஜக்குகள் பல, முழுக்க இறக்கினாலும் 15 சென்ரிமீற்றருக்கு மேல் நிற்கும். கத்தரி ஜக் நன்றாக மடங்கும். அடித்தட்டு மட்டும் சிறியது.

யாழ்ப்பாணத்துக்குப் பழைய கார் வெறும் அழகுப் பொருளாக இருந்ததில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் அரிதான அந்த நாட்களில் காரின் அடிப்பக்கத்தை அறியாதவர் அதை வைத்திருக்க முடியாது.

சனி, வீட்டு முற்றம்

பின்சில்லின் காற்றை வேண்டுமென்றே இறக்கிவிட்டு, அளவு நாடாவோடு குனிகிறார். போத்தல் ஜக்குக்கு இடம் போதவில்லை. கத்தரி ஜக்கே பொருந்துகிறது.

1948 முதல் 1971 வரை உற்பத்தியான மைனருக்குத் தனிச் சசி கிடையாது. நடுவே குறுக்காக ஓடும் இரும்புச் சட்டத்தின் முனையில் தொழிற்சாலை ஜக்கைச் செருகி, ஒரு பக்கத்து இரு சில்லுகளையும் சேர்த்துத் தூக்குவார்கள். துரு முதலில் தின்னும் இடங்களில் அந்த முனையும் ஒன்று. கடலோர உப்புக்காற்று அதை விரைவாக்கும். சுத்தியலால் தட்டுகிறார். வலது முனை கணீரென்கிறது, இடது முனை மந்தமாக ஒலிக்கிறது.

ஆகவே பின்சில்லுக்கு அச்சுக்குழாயின் கீழ், வில்தகட்டுக்கு அருகில் ஜக் வைப்பதென்று முடிவு. அங்கே தூக்கினால் வில் தொங்காது; சிறிது உயர்த்தினாலே சில்லு நிலத்தை விட்டுவிடும். நடுவிலுள்ள டிபரென்சலின் கீழ் வைத்தால் கார் ஒரு பக்கம் சரியும்.

ஞாயிறு, இலுப்பைக்கடவை

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் ஏ32 வீதிதான் மன்னாருக்கு நேர்வழி. வெள்ளாங்குளம் தாண்டி, இலுப்பைக்கடவையில் இடது பின்சில்லு காற்றுப் போகிறது. உடனே நிறுத்தாமல், சமதரையான இறுகிய கிரவல் வரும்வரை மெல்ல உருட்டுகிறார். வயல்வெளியில் சோளகம் பலமாக அடிக்கிறது.

கைப்பிறேக்கை இழுத்து, முதலாம் கியர் போட்டு, வலப்பக்கச் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அடைக்கிறார். ஒரு பின்சில்லு எழும்பினால், டிபரென்சல் இருப்பதால் கியர் பிடிக்காது. கைப்பிறேக்கும் நிலத்தில் நிற்கும் மற்றப் பின்சில்லை மட்டுமே பிடிக்கும். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்குகிறார். ஜக்கின் சிறிய அடித்தட்டு புதையாதிருக்க அகலமான பனம்பலகை.

சைக்கிளில் வந்த பொடியன் இறங்கி வருகிறான். “ஐயா, காரைப் பிடிக்கவோ?”

“வேண்டாம் தம்பி. ஜக்கில நிக்கிற காரை ஒருத்தரும் தொடப்படாது. அங்காலை தள்ளி நிண்டு, பஸ் வந்தால் சொல்லும்.”

பெரிய வாகனம் கடக்கும்போது எழும் காற்று சிறிய காரை அசைத்துவிடும். அதனால் சில்லைக் கழற்றுமுன் மாற்றுச் சில்லைப் பக்கச் சட்டத்தின் கீழ் படுக்கவைக்கிறார். ஜக் வழுக்கினாலும் கார் அதன்மேல்தான் இறங்கும். பிறகு மாற்றுச் சில்லை எடுத்துப் பூட்டும்வரை, கழற்றிய சில்லு அந்த இடத்தில் கிடக்கிறது. நட்டுகளை எதிரெதிராகப் பூட்டி, காரை இறக்கியபின் இறுக்குகிறார்.

திங்கள், மன்னார்

கராஜில் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிறார்கள். துருப்பிடித்த முனையை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். மெக்கானிக் காரைப் போத்தல் ஜக்கால் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் இறக்கியபின்தான் கீழே போகிறார். போத்தல் ஜக்கின் சீல் கசிந்தால் தூக்கிய கார் சொல்லாமல் இறங்கிவிடும்.

பக்கத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். அதன் சொந்தக்காரர் இந்தக் கத்தரி ஜக்கைக் கையில் எடுத்து, எங்கே வாங்கியது என்று கேட்கிறார். ஆசிரியர் கடையின் பெயரைச் சொல்லவில்லை. சோமர்செற்றுக்குத் தனிச் சசி உண்டு. எடையும் தூக்கும் இடமும் வேறு. இருவரும் அதன் பின்சில்லின் காற்றை இறக்கிவிட்டு, அளவு நாடாவைக் கீழே நீட்டுகிறார்கள்.