குரோம் மோகம்

அப்பா அனுப்பிய மூவாயிரம் ரூபாய் முன் சக்கரத்து டயருக்காக வந்த பணம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது வெறும் இயந்திரக் கதையாகப் போய்விடும்.

வண்டி 2013-இல் அப்பா வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. நான் வேதியியல் முதுகலையில் சேர்ந்ததும், பெட்ரோலைக் காலி செய்து, சாக்கைச் சுற்றி, ரயிலில் பார்சலாக டில்லிக்கு ஏற்றிவிட்டார். "ஓட்டறதுக்கு முன்னே டயரைப் பார், அப்புறம் பிரேக்கைப் பார்" என்பது அவர் சொல்லி அனுப்பிய ஒரே உபதேசம். நான் பார்த்ததோ முன் ஃபோர்க்கின் பாட்டம்களை! சக்கரத்தை இரு புறமும் தாங்கி நிற்கும் அந்த அலுமினியக் குழாய்களில் மேற்பூச்சு உரிந்து, தேமல் படர்ந்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றியிருந்தன. பொங்கல் விழாவுக்கு இருபது நாட்கள் இருந்தன. விடுதி வாசலில் நின்ற இன்னொரு வண்டியின் பாட்டம்கள் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும்படி ஜொலித்தன. அப்புறம் கேட்பானேன்?

கரோல் பாக்குக்கு முதல் முறை போனது ஒரு திங்கட்கிழமை. அன்று கடைகளுக்கு விடுமுறை. அப்போதே திரும்பியவன் புத்தி தெளிந்திருக்கலாம். மறுநாளும் போனேன். கடைக்காரர் மேசைமேல் இரண்டு ஜோடிகளை வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று குரோம். கறுப்பு சாதுவாகக் கிடந்தது. குரோமைத் துணியால் ஒரு துடை துடைத்துக் காட்டினார். விலை 3,200 ரூபாய். நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. என் இந்தி அவ்வளவு தூரம்தான் பேரம் பேசும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சைப் பற்றிப் பாடம் படித்தவன் நான். அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்ட மாத்திரத்தில் ஓர் ஆக்ஸைடுப் படலம் மூடிக்கொள்ளும். அதன்மேல் எதை ஏற்றினாலும் ஒட்டாது. ஆகவே முதலில் அந்தப் படலத்தைக் கரைத்து மெல்லிய துத்தநாகப் படலம் ஏற்ற வேண்டும். பிறகு செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில்தான் குரோமியம். அந்தக் கடைசி அடுக்கு பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இராது. நாம் மயங்குகிற பளபளப்பில் பெரும்பங்கு அடியிலிருக்கும் நிக்கலுடையது. முதற்படியில் அவசரப்பட்டால் அத்தனை அடுக்கும் சேர்ந்து உரியும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன், மேசைமேல் பளபளத்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மாட்டுகிற வேலையை நானும் அறைநண்பனும் விடுதிக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டோம். என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினோம். பிரேக் காலிப்பரைக் கழற்றி, குழாயில் பாரம் விழாதபடி கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். சக்கரம் வந்தது, மட்கார்டு வந்தது, பழைய எண்ணெய் கறுப்புக் காப்பியைப் போல் வடிந்தது. பாட்டத்தின் அடியிலுள்ள ஆலன் போல்ட்தான் வரவில்லை. அதைத் திருகத் திருக, உள்ளே அது பிடித்திருக்கும் தண்டும் கூடவே சுற்றியது. ஒரு மணி நேரம் போராடினோம். கடைசியில் நண்பன் பாட்டத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்த ஸ்பிரிங் இறுகித் தண்டைக் கவ்விக்கொண்டது, போல்ட் கழன்றது. புதிய ஆயில் சீலும் செம்பு வாஷரும் போட்டோம். எண்ணெயை ஆய்வுக்கூடத்து அளவு ஜாடியில் அளந்து இரு பக்கமும் சமமாக ஊற்றினோம். (ஜாடியைக் கழுவித் திருப்பி வைத்துவிட்டேன். பொறுப்பாளர் இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்க வேண்டும்.)

பொங்கலன்று வண்டி மாப்பிள்ளைபோல் நின்றது. நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேரிடமும் விலையை ஐந்நூறு ரூபாய் குறைத்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலை, பின்வாசல் அருகே காவலாளியின் மகன் வாடகைச் சைக்கிளோடு குறுக்கே வந்தான். ஏழெட்டு வயதிருக்கும். முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடி இறுகியது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, வண்டியை வேலிப் பக்கம் ஒடித்து விழுந்தேன். பையன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கப் பார்த்தான். அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. கை நடுக்கம் மட்டும் இரவு சாப்பாடு வரை நிற்கவில்லை. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். பிரேக் டிஸ்க் முழுவதும் எண்ணெய்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். கிழவரான உஸ்தாத் பாட்டத்தைக் கழற்றி, சீல் உட்காரும் இடத்தில் நகத்தால் சுரண்டினார். பிறை வடிவில் ஒரு தகடு பெயர்ந்து வந்தது. பூச்சுத் தொட்டியில் இறக்குமுன் அந்தத் துவாரத்தை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. உள்ளேயும் ஏறிய பூச்சு உரிந்து சீலின் விளிம்பைக் கிழித்திருந்தது. "இது குரோம் இல்லை, தம்பி, அப்பளம்" என்றார் இந்தியில்.

பழைய பாட்டம்களை நான் தூக்கி எறியாதது ஒன்றுதான் இதில் நான் செய்த புத்திசாலித்தனம். அவற்றையே சுரண்டிச் சுத்தம் செய்து கறுப்புப் பவுடர் பூச்சுக்குக் கொடுத்தார். அது 180 டிகிரிக்கு மேல் சூளையில் வேகும் பூச்சு. குரோமைவிடப் பல மடங்கு தடிப்பு. அதனால் சீல் உட்காரும் இடம், அச்சு நுழையும் துவாரம், காலிப்பர் பொருந்தும் முகம் மூன்றையும் தாமே உட்கார்ந்து அடைத்து ஒட்டினார். எண்ணெய் குடித்த பிரேக் பேடுகளைக் குப்பையில் போட்டார். டியூஷனில் வந்த பணம் அங்கே தீர்ந்தது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.

"அந்தப் பையனுக்கு நிஜமாவே ஒண்ணும் ஆகலையே?"

"இல்லேப்பா."

"டயர்?"

"இன்னும் போடலைப்பா."

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அடுத்த மாசம் அனுப்பறேன். அதுவரைக்கும் பஸ்ஸிலே போ" என்றார். வைக்கப்போனவர் மறுபடியும், "கறுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி கொட்டகையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. குரோம் பாட்டம்கள் என் மேசையில் புத்தகங்கள் சரியாமல் இரு பக்கமும் முட்டுக் கொடுத்திருக்கின்றன. அந்த வேலைக்கு அவற்றில் எந்தக் குறையும் இல்லை.