பெயரில்லாத படங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகளின் வெளிச்சம் முடிந்து சந்துக்குள் திரும்பினால் எங்கள் டிடிபி கடை. எட்டடிக்கு ஆறடி. உள்ளே ஒரு பென்டியம் 4, ஒரு ஸ்கேனர், ஒரு லேசர் பிரிண்டர், நைனா. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, பில் புக் எல்லாம் வரும். ஆனால் கடை ஓடியது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைத் தட்டுவார்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்த ஒரு போட்டோ கையில் இருக்கும். நைனா அதை ஸ்கேன் செய்து, பக்கத்தில் நிற்பவர்களை வெட்டிவிட்டு, பேஜ்மேக்கரில் வைத்து, வானவில் எழுத்துருவில் பேர் அடித்து பிரஸ்ஸுக்கு அனுப்புவார். விடிந்தால் அந்த முகம் தெருச்சுவரில் இருக்கும்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அந்த வருஷம் நான் ப்ளஸ் டூ. என் கைக்கு வந்த லேப்டாப்பில் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு கேள்வி வரும்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரா, பாஸ் லினக்ஸா? ஒரே பெட்டிக்குள் ரெண்டு குடித்தனம். பாஸ், சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. படம் வைக்க இடம் வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தோம். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே வரி: கிரப் ரெஸ்க்யூ.

விஷயம் சின்னதுதான். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கிற கிரப்பின் தலை வன்தட்டின் முதல் துணுக்கில் இருக்கிறது. உடம்பு லினக்ஸ் பகுதிக்குள். நாங்கள் உடம்பை எரித்துவிட்டோம். தலை மட்டும் விழித்துக்கொண்டு வழி தெரியாமல் நின்றது. விண்டோஸ் சிடியைப் போட்டு ஒரு கட்டளையில் அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் பத்து பேருக்குச் செய்து கொடுத்தேன். பிறகு பாஸை நானே திரும்பப் போட்டுக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர் எங்கே பார்த்தாலும் கை அரிக்க ஆரம்பித்தது.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது. கடை சிஸ்டம் எக்ஸ்பி. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவெல்லாம் வைரஸ். "லினக்ஸ் போட்டுடலாம் நைனா, பூச்சியே வராது" என்றேன். "பேஜ்மேக்கர் ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். எக்ஸ்பியை அப்படியே விட்டு, பக்கத்தில் லுபுண்டு போடுவதாகச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வன்தட்டை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்ட திரையில், முழுத் தட்டையும் எடுத்துக்கொள் என்ற வரியில் என்டர் தட்டினேன். படித்துவிட்டுத்தான் தட்டினேனா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

நாற்பது ஜிபி. பத்து வருஷத்து வேலை. சாயந்திரம் வந்த நைனா திரையைப் பார்த்தார். "டி டிரைவ் எங்கடா?" என்றார். நான் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அழிப்பது என்றால் பெரும்பாலும் அட்டவணையை அழிப்பதுதான். சரக்கு அங்கேயே கிடக்கும், மேலே புதுசு எழுதப்படும்வரை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கி, வன்தட்டைக் கழற்றி அரசு லேப்டாப்பில் மாட்டி, பாஸிலிருந்து ஃபோட்டோரெக் ஓட்டினேன். கிறிஸ்டோஃப் கிரெனியே என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதிய இலவச நிரல் அது. எந்த இயங்குதளம் எழுதியது என்று அது கவலைப்படாது. தட்டைத் துண்டு துண்டாகப் படித்து, ஒரு ஜேபெக் படம் தொடங்குகிற அடையாளம் எங்கே வருகிறது என்று தேடும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் ஆயிரக்கணக்கில் முகங்கள். கோப்புப் பெயர்கள் இல்லை, ஒரு எழுத்தும் நீள எண்ணும் மட்டும். பெயர்கள் அட்டவணையோடு போய்விட்டன. பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றுகூட ஒழுங்காகத் திறக்கவில்லை.

நைனா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "இது கொருக்குப்பேட்டை மளிகைக்கடைக்காரர். இது ஸ்டான்லில செத்துப்போன புள்ள, டைபாய்டு. இவன் ஹார்பர்ல வின்ச் ஓட்டினுருந்தவன்." அவர் சொல்லச் சொல்ல நான் பேர் அடித்தேன். யூனிகோடில். மூணு வாரம், தினமும் கடை சாத்தின பிறகு. அவர் செய்த வேலை என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாதவை ஒரு தனி ஃபோல்டருக்குப் போயின.

வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12. அடுத்த மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். "அண்ணே, எங்கூட்டுக்காரர் படம் உங்களாண்டதான் கீது. எங்கூட்ல இருந்ததெல்லாம் நனைஞ்சி போச்சு."

இருந்தது. பேர்கூட அடித்து வைத்திருந்தோம். ஆனால் அந்தத் தட்டின் மேல் லுபுண்டு எதையோ எழுதியிருக்கிறது. நெற்றி, கண், மூக்கு வரைக்கும் தெளிவு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

நைனா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நான்தான் அக்கா அழிச்சிட்டேன். எங்கப்பா மேல தப்பு இல்ல."

அவர் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். "கண்ணு அவருதுதான் தம்பி. அப்பிடியே போட்டுக் குடு" என்றார். காலர் வரையத் தெரிந்த, கறை நீக்கத் தெரிந்த நைனா அன்று மவுஸைத் தொடவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கொடுத்தோம். காசை வாங்கவில்லை. அவர் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நைனாவுக்குக் கண் சரியில்லை. கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மேக், வீட்டில் உபுண்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் ஓர் எக்ஸ்பி. வானவில்லில் அடித்த ஏதாவது பழைய சிடி கிடைத்தால் திறப்பதற்காக. எந்தப் புது மெஷினிலும் முதலில் நான் காப்பி செய்வது அந்த ஃபோல்டரைத்தான். 'தெரியாதவர்கள்' என்று பேர். லீவு நாளில் திரையைப் பெரிதாக்கி நைனாவிடம் காட்டுவேன். போன மாசம் ஒருத்தருக்குப் பேர் கிடைத்தது.