மடையை அடைக்கும் மருந்து

நொதி என்ற சொல்லை ஆக்கியவர் எவராயினும் அவருக்கு என் வணக்கம். 1870களில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே, ‘புளித்த மாவினுள் இருப்பது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து என்சைம் என்ற பெயரை ஆக்கினார். நம்முடையதும் நொதித்தலிலிருந்து வந்ததே. ஆனால் ‘மறுகூட்டிணைவு’ என்ற சொல் எனக்கு உவப்பானதன்று. பாடநூலில் இருக்கிறது, இருக்கட்டும். ஒட்டுமா என்று உழவர்கள் எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டார்கள்! பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பயின்று, இன்று சென்னையில் உயிர்வேதியியல் ஆய்வு செய்யும் மாணவி, தன் ஆய்வைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையைத் திருத்தக் கேட்டபோது, ‘ஒட்டு நொதி’ என்று எழுதச் சொன்னேன். “ஆய்வகத்துல சிரிப்பாங்க ஐயா” என்று மறுத்துவிட்டாள்.

அவளுக்கு ஊர் அனுமந்தை. பெற்றோர் மரக்காணத்து அளங்களில் கூலிக்கு உப்பு வாரியவர்கள். அவள் கையாளும் நொதியின் பெயர் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் இரண்டு. குப்பியின் மேலுள்ள சீட்டில் ‘மனிதன்’ என்று கண்டிருப்பதை வீட்டில் சொன்னபோது, “யாரு ரத்தம்மா அது?” என்று தாயார் கேட்டாராம். அறியாமையில் எழுந்த கேள்வியன்று அது. சிவப்பணுக்களில் நிறைந்துள்ள இந்நொதி, கரியமில வாயுவை நீருடன் சேர்த்துப் பைகார்பனேட்டாக்குகிறது. நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை. 1972-இல் சுவீடனின் உப்சலாவில் இதன் வடிவத்தைக் கண்டறிந்தவர்கள், மனித ரத்தத்திலிருந்து பிரித்ததையே பயன்படுத்தினார்கள். 1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் வெட்டி ஒட்டிய டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவுக்குள் பெருக்கிக் காட்டிய பின்னரே வேறு வழி திறந்தது. இன்று மனித மரபணுவின் வாசகத்தை ஈ.கோலி பாக்டீரியாவிடம் கொடுத்தால் போதும். 260 அமினோ அமிலங்களைக் கோத்து அதே நொதியைச் செய்து தந்துவிடுகிறது. ஆய்வுக்கு எவருடைய ரத்தமும் வேண்டியதில்லை.

அவள் வேலை எனக்கு விளங்கியது உப்பின் வழியேதான். பாக்டீரியாவை வளர்க்கும் கரைசலில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு. நொதியைப் பிரித்தெடுக்கும் கரைசல்களிலும் உப்பு. கடைசியில் அதைப் படிகமாக்க அம்மோனியம் சல்பேட்டு என்னும் வேறோர் உப்பு. மூடிய சிறு குழியில் அடர்ந்த உப்புக் கரைசல். அதற்கு மேலே கண்ணாடித் தகட்டில் தொங்கும் ஒரு துளி நொதி. துளியின் நீர் ஆவியாகிக் குழிக்குப் போகப் போக, துளி மெல்ல அடர்கிறது. அவசரப்படுத்தினால் படிகம் வராது, உருவற்ற வண்டலாகப் படிந்துவிடும். பாத்தி நீர் 25 டிகிரியைத் தொடும்வரை காத்திருப்பவர்களின் மகளுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படிகத்திலிருந்து பெறும் புரத வடிவம் சரிதானா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் வரைபடம், 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்டது. தமிழ் படித்த நான் அதை இவள் கட்டுரையில்தான் அறிந்தேன்.

அவள் கட்டுரையில் எழுதாத செய்தி ஒன்றுண்டு. அவள் தந்தைக்குக் கண்ணழுத்த நோய்; பக்கவாட்டுப் பார்வை பெருமளவு போய்விட்டது. அவருக்கு எழுதித் தந்த டார்சோலமைடு சொட்டு மருந்து, இதே நொதியின் வடிவத்தைப் பார்த்து, அதன் நடுவிலுள்ள துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டது. 1990களின் நடுவில் புழக்கத்துக்கு வந்தது. சென்ற கோடையில் நான் அனுமந்தைக்குப் போனபோது அவர் அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது.

“எரியுதுங்க ஐயா. தொண்டையில வேற கசக்குது, உப்பு வாரினப்புறம் பாத்தியில நிக்கிற தண்ணியாட்டம். போட்டும் பார்வை வரலியே.”

கசப்பு மெய்தான். கண்ணீர்க் குழாய் வழியே மருந்து தொண்டைக்கு இறங்கும். போன பார்வை திரும்பாது என்பதும் மெய்.

விளக்கிச் சலித்திருந்த மகள் அன்று வேறுவிதமாகச் சொன்னாள். கண்ணுக்குள் எந்நேரமும் நீர் சுரக்கிறது. நொதி பைகார்பனேட்டை ஆக்குகிறது. அதனோடு சோடியமும் உள்ளே செல்ல, உப்பு போகும் இடத்துக்கு நீரும் போகிறது. வடிகால் சரியில்லாத கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெடுகிறது.

“மடையை அடைக்கிற மருந்துப்பா இது. போன பாத்தி போனதுதான். அடைக்கலைன்னா மிச்சமும் முழுகிடும்.”

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் அளங்கள் நீருக்குள் கிடந்ததைப் பார்த்தவர் அவர். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?”

“மூணுப்பா.”

அலமாரியிலிருந்த பழைய குப்பியை அவள் எடுத்துக் குப்பையில் போட்டாள். திறந்து ஆறு மாதமானதைப் போடக்கூடாதாம். புதியது வாங்க இருவரும் மரக்காணம் பேருந்துக்குப் புறப்பட்டார்கள்.